சபைத் தலைவர்மீது குற்றச்சாட்டு வந்தால்: சென்னைச் சபைக் கமிட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குற்றச்சாட்டு என்றால் மனுவாக எழுதி, கையெழுத்திட்டு, தேதியிட்டு வந்து சேரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் கமிட்டி எதற்கும் ஆயத்தமாக இருக்காது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "ஐயா, ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று ஓர் அம்மா வந்து நிற்பார். அல்லது காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணும்போது பத்து ரூபாய் நோட்டுகளுக்கு நடுவே நான்காக மடித்த தாள் ஒன்று கிடக்கும். வடசென்னையில் ஒரு சபையின் செயலராகப் பல ஆண்டுகள் இருந்த எனக்கு இப்படி நான்கு குற்றச்சாட்டுகள் வந்தன. அவற்றுள் ஒன்றை முறையாகக் கையாண்டோம், மூன்றைக் கெடுத்தோம். கெடுத்த மூன்றும் முதல் வாரத்திலேயே கெட்டுவிட்டன என்பது பின்னால் மினிட் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. யாரிடம் சொல்வது, யார் விசாரிப்பது, விசாரணை நடக்கும் நாள்களில் சபைத் தலைவரான ஆயர், அதாவது போதகர், எங்கே இருப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை. ஆகவே அவரவர் நட்பும் பகையும் அந்த ஏழு நாள்களில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டன.

ஆகவே இந்த வழிகாட்டி, புகார் வருவதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: புகார் வருமுன் ஒழுங்கை எழுதி வையுங்கள்

தென்னிந்தியத் திருச்சபையில், சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் கமிட்டிக்கு ஆயரே தலைவர். அவர்மீது புகார் வந்தால், அது அவர் தலைமை வகிக்கும் கூட்டத்துக்கே வருகிறது. அப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆயர் ஜெபித்துக் கூட்டத்தைத் தொடங்கினார்; தம்மைப் பற்றிய புகாரைத் தாமே எடுத்து வாசித்தார்; தாமே பதிலும் சொன்னார். புகார் கொடுத்த பெண்ணின் தாயார் வெளியே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் டீயும் சமோசாவும் வந்தன. அந்த அம்மாவுக்கும் ஒரு கப் போயிற்று. "ஐயா, இந்தப் பொருளுக்கு மட்டும் நீங்கள் எழுந்து வெளியே இருங்கள்" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். அப்படிச் சொல்லும் வழக்கமே எங்களிடம் இருந்ததில்லை.

தனிச் சபைகளில் சிக்கல் வேறு விதமானது. அறக்கட்டளைப் பத்திரத்தைப் பார்த்தால் நிறுவனர் போதகர், பொருளாளர் அவர் மனைவி, உறுப்பினர் அவர் தம்பி என்று இருக்கும். அங்கே புகாரைக் கேட்பதற்கு ஆளே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்டு, 2023-இல் திருத்தி நிலையான சட்டமாக்கிய ஆணையின்படி, ஒவ்வொரு மறைமாவட்டமும் பாலியல் முறைகேடு பற்றிய புகார்களைப் பெறுவதற்கு எல்லோரும் எளிதில் அணுகக்கூடிய ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். மற்றச் சபையாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்க ஏற்பாடு அது.

உங்கள் சபை எந்த மரபைச் சேர்ந்ததானாலும், மூன்று பேரைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைதியான காலத்திலேயே நியமித்துவிடுங்கள். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்; ஒருவர் சபைக்கு வெளியே இருந்து வர வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, வழக்கறிஞரோ, பக்கத்துச் சபையின் மூத்த போதகரோ அந்த வெளியாளாக இருக்கலாம். ஆயரின் உறவினர், அவரிடம் சம்பளம் வாங்குபவர், சென்ற கமிட்டித் தேர்தலில் அவருக்காகவோ அவருக்கு எதிராகவோ ஓட்டுச் சேகரித்தவர் ஆகியோரைத் தவிர்த்துவிடுங்கள். சென்னைச் சபைகளில் யாருக்கு எந்த ஊர், எந்தச் சாதி என்பது வாய்விட்டுப் பேசப்படாமலேயே எல்லோருக்கும் தெரியும்; மூவரும் ஒரே பக்கத்தவராக அமைந்துவிட்டால், அவர்கள் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும் அந்தத் தீர்ப்பை மறுபக்கத்தார் ஏற்கப் போவதில்லை. மூவரின் பெயர்களும் அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுவதும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: புகாரைக் கேட்பது

புகார் சொல்ல வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். "பாஸ்டர் என்னை அசிங்கமாப் பேசினார்" என்று அவர் சொன்னதை, "ஆயர் தகாத வார்த்தை பிரயோகித்ததாகக் கூறப்படுகிறது" என்று நீங்கள் சலவை செய்து எழுதினால், பின்னால் விசாரிப்பவருக்கு அந்தத் தாளால் பயனில்லை. என்ன வார்த்தை, எந்த இடம், அருகில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் கேளுங்கள், "அந்த நேரத்துல நீ ஏம்மா அங்க போன?" என்பது விசாரணைக் கேள்வியாகாது.

"இது நமக்குள்ளேயே இருக்கும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொல்லப்பட்ட விஷயத்தைப் பொறுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றச் சட்டமே உங்களை விடாமல் போகலாம். கைவைத்து ஜெபித்து, "மன்னிச்சுரும்மா, கர்த்தர் பாத்துக்குவார்" என்று அனுப்பிவிடுவது இன்னும் மோசம். மன்னிப்பது அவர் விருப்பம். விசாரிப்பது உங்கள் கடமை.

மொட்டைக் கடிதத்தைக் கிழித்தெறியவும் கூடாது, கூட்டத்தில் உரக்க வாசிக்கவும் கூடாது. அதில் சரிபார்க்கத்தக்க செய்தி, அதாவது ஒரு தேதியோ, தொகையோ, ரசீது எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மட்டும் சரிபாருங்கள். வெறும் வசைமொழி என்றால் உறையிலிட்டுக் கோப்பில் வைத்துவிடுங்கள். கமிட்டித் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இப்படிக் கடிதங்கள் வருவது நம் ஊரில் பருவமழை மாதிரி. ஆனால் தேர்தல் நேரத்தில் வந்தது என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. பயந்துகொண்டிருந்தவர்கள் சிலருக்கு அப்போதுதான் வாய் திறக்கிறது.

வேதவசனத்தால் வாயை அடைக்கும்போது

இந்தக் கட்டத்தில் மூன்று வசனங்கள் மேசைக்கு வரும் என்று எதிர்பார்த்திருங்கள்.

முதலாவது, மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 5:19. ஊழியக்காரரைப் பொறாமைக்காரரிடமிருந்து காக்கிற நல்ல வேலி அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது உபாகமம் 19-ஆம் அதிகாரத்து ஒழுங்கிலிருந்து வருகிறது. அங்கே 15-ஆம் வசனம் சாட்சிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது; 18-ஆம் வசனமோ நியாயாதிபதிகள் நன்றாய் விசாரணை செய்ய வேண்டும் என்கிறது. தனியறையில் நடந்ததற்கு இரண்டு சாட்சிகளைக் கொண்டுவா என்று பெண்ணிடம் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் 15-ஐ மட்டும் படித்தவர்கள். தீர்ப்பு சாட்சியத்தின்மேல் நிற்க வேண்டும். அந்தச் சாட்சியத்தைத் தேடிப் பார்ப்பது விசாரிப்பவரின் பொறுப்பு. வங்கிக் கணக்கு, அலைபேசிச் செய்தி, இதே அனுபவத்தைத் தனியாகச் சொல்லும் வேறொருவர் ஆகியவையும் சாட்சியமே. தீமோத்தேயுவில் அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே படியுங்கள்: பாவம் செய்தவர்களை எல்லார் முன்பாகவும் கண்டிக்கவும், பட்சபாதமில்லாமல் நடக்கவும் அதே பவுல்தான் சொல்கிறார்.

இரண்டாவது மத்தேயு 18:15. முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும் என்பது இரண்டு சகோதரருக்கு இடையிலான பிணக்குக்கு அருமையான வழி. தன்னிடம் தவறாக நடந்தார் என்று ஒருவரைக் குறித்துச் சொல்லும் இருபது வயதுப் பெண்ணை, அவருடைய அறைக்கே தனியாகப் போகச் சொல்வதற்கு அந்த வசனத்தைப் பயன்படுத்துவது கொடுமை.

மூன்றாவது, அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்பது. சங்கீதம் 105-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்களை ராஜாக்களிடமிருந்து தேவன் காத்ததைச் சொல்லும் இடம் அது. பலமுள்ளவன் கையிலிருந்து பலமற்றவனைக் காத்த வசனத்தைப் பலமுள்ளவனுக்குக் கேடயமாக்க முடியாது. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவாகிய தாவீதின் முன் நின்று, "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னதும் இதே வேதத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: புகார் எந்த வகை என்று பிரித்தறிதல்

இந்தப் படியில் தவறினால், பிறகு என்ன செய்தும் சரிப்படுத்த முடியாது.

18 வயது நிறையாத பிள்ளை தொடர்பான பாலியல் புகார் என்றால் உங்கள் குழுவுக்கு அங்கே வேலை இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அப்படி நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தமக்குக் கீழ் உள்ளவர்மீதான புகாரை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உண்மைதானா என்று முதலில் நாமே விசாரித்துவிட்டுச் சொல்வோம் என்பது இங்கே செல்லாது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையை ஐந்து மூப்பர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டால், பிள்ளையும் நொறுங்கும், வழக்கும் நொறுங்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ அன்றைக்கே அணுகுங்கள். பெற்றோர் காவல் நிலையம் என்றதும் அஞ்சுவார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவுசெய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதுவே நியாயமான வழி. கமிட்டி மூடி மறைத்ததால் விடுபட்டவர் என்ற பேச்சு அவரை ஆயுள் முழுவதும் துரத்தும்.

வயது வந்த பெண்ணின் பாலியல் புகாரில், காவல்துறைக்குப் போவதா என்பது அவருடைய முடிவு. போகாதே என்று சொல்லவும், போயே தீர வேண்டும் என்று நெருக்கவும் சபைக்கு உரிமையில்லை. போக விரும்பினால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை அனுப்புங்கள். தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் நம் ஆயிரம் விளக்கில்தான் திறக்கப்பட்டது. பெண்களுக்கான உதவி எண் 181. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு என்பதையும் தெரிவித்துவிடுங்கள். அவர் சபை அலுவலகத்திலோ, சபை நடத்தும் பள்ளியிலோ விடுதியிலோ வேலை செய்பவர் என்றால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில், பெண் தலைமையிலான உள்ளகக் குழு இருக்க வேண்டும்; புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம்; விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. பணம் கொடுத்துச் சமரசம் செய்வதை இந்தச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது.

பணம் பற்றிய புகார் முதலில் தணிக்கையாளரிடம் போகட்டும். அவர் சபையோடு தொடர்பில்லாதவராக இருக்கட்டும். சபை ஒரு சங்கமாகப் பதிவாகியிருந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாளரிடம் முறையிடவும் வழி உண்டு.

மற்றவை, அதாவது கோபம், பாரபட்சம், உபதேச வேறுபாடு, "எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு ஐயர் (ஆயர்) வரவில்லை" என்பது போன்றவை, பேசித் தீர்க்க வேண்டியவை. வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

நான்காம் படி: ஆயரை விலகியிருக்கச் செய்வதும் சபைக்கு அறிவிப்பதும்

கனமான புகார் என்றால், விசாரணை முடியும்வரை ஆயர் பிரசங்கம், ஆலோசனை, கணக்கு ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். சம்பளமும் ஆயர் இல்லமும் அப்படியே தொடரட்டும். அவற்றைப் பறித்தால் தண்டனையை முதலிலும் தீர்ப்பைப் பிறகும் வழங்கியவர்களாவோம். பிள்ளைகள் படிக்கும் வீட்டில் மின்கட்டணத்தைக் கட்டாமல் விட்டு ஒரு குடும்பத்தை வெளியேற்றிய சபையை எனக்குத் தெரியும். அந்த ஆயர்மீதான புகார் கடைசியில் நிற்கவில்லை. ஆனாலும் அவர் வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்தக் கோவிலிலும் காலடி வைக்கவில்லை.

அறிவிப்பை எழுதி வாசியுங்கள். மனப்பாடமாகப் பேசினால் நாக்கு எங்கேயாவது வழுக்கும். இவ்வளவு போதும்: "நம் ஆயரைக் குறித்து ஒரு புகார் பெறப்பட்டு, மூவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. விசாரணை முடியும்வரை அவர் விடுப்பில் இருப்பார். இது தண்டனையன்று, தீர்ப்புமன்று. இதைப் பற்றித் தகவல் அறிந்தவர்கள் குழுவினரிடம் மட்டும் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்." என்ன புகார், யார் கொடுத்தது என்பது ஒரு சொல்கூட வரக் கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் செய்தியை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான். அதே சட்டத்தில் அவதூறு பற்றிய 356-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். விசாரிக்கும் அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பதற்கு அதில் விலக்கு உண்டு. நூறு பேருக்கு அதை முன்னனுப்புகிறவருக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவதற்கு இடம்

ஒருவரை எதிரிகளுக்கு முன்பாக நிறுத்தி, மறுமொழி சொல்ல இடம் கொடுக்காமல் ஒப்புக்கொடுப்பது ரோமருக்கு வழக்கமல்ல என்று பெஸ்து சொன்னதை அப்போஸ்தலர் 25:16-இல் காண்கிறோம். ரோம அதிபதி பவுலுக்குக் கொடுத்ததைச் சபை தன் ஆயருக்கு மறுக்கலாகாது.

என்ன செய்ததாக, எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை எழுத்தில் கொடுங்கள். "உங்கள்மேல் பல புகார்கள் வருகின்றன" என்றால் அவர் எதற்கென்று பதில் சொல்வார்? பதில் எழுத இரண்டு வாரமாவது கொடுங்கள். அவர் நம்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவும், தம் சாட்சிகளின் பெயரைத் தரவும் உரிமை உண்டு. இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரவைக்க வேண்டியதில்லை. அவர் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதித் தந்தால், குழுவினர் பொருத்தமானவற்றைப் புகார் கொடுத்தவரிடம் தனியாகக் கேட்டுப் பதிலைப் பதிவுசெய்யலாம். புகார் கொடுத்தவரைத் தாமோ, மனைவி மூலமோ, ஜெபக் குழு அம்மாக்கள் மூலமோ அணுகக் கூடாது என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: விசாரணை

நாங்கள் முறையாகக் கையாண்ட அந்த ஒரு புகார் கூரை நிதியைப் பற்றியது. 40,000 ரூபாயை ஆயர் எடுத்துக்கொண்டார் என்று சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். எடுக்கவே மாட்டார் என்று மற்றப் பாதிப் பேர் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல், கோவிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் வவுச்சர் கோப்பையும், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும், வங்கிப் பாஸ்புக்கையும் வரிசையாகப் பரப்பினோம். "மேஸ்திரிக்கு முன்பணம்" என்று ஒரு வவுச்சர், பெற்றவர் கையெழுத்து இல்லை, எழுத்து பொருளாளருடையது. காசோலையில் கையெழுத்து ஆயருடையது. தொகையை எழுதிய மையோ வேறு நிறம். மேஸ்திரியை வியாசர்பாடியில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தோம். எண்ணெய்க் கறை படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டில், அந்தத் தேதிக்கு நேரே அந்தத் தொகையை அவர் வரவு எழுதி வைத்திருந்தார். வெளியூர்க் கன்வென்ஷனுக்குப் போகுமுன் ஆயர் நான்கு வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பணம் வேலைக்குத்தான் போயிருக்கிறது. திருட்டு இல்லை, ஆனால் பொறுப்பின்மை உண்டு. இரண்டு பக்கத்தாருக்கும் பிடிக்காத முடிவு அது; ஆட்களின் வாயை மட்டும் நம்பியிருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்கவே மாட்டோம்.

சாட்சிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லாருக்கும் தெரியும்" என்பவரிடம், "நீங்கள் கண்ணால் கண்டது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அலைபேசிச் செய்தி சான்றாக வந்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் அந்த அலைபேசியிலேயே முழு உரையாடலையும் முன்பின் பாருங்கள். அலைபேசியை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம் என்று உரியவரிடம் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுப் பதிவுக்குப் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

ஏழாம் படி: முடிவும் அதன் பின்னும்

முடிவு மூன்று விதமாக இருக்கலாம்: மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை, தெரிந்தே சொல்லப்பட்ட பொய். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காகப் புகார் கொடுத்தவரைப் பொய்யர் என்று தண்டிக்கக் கூடாது என்பது மேலே சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. முடிவுக்கான காரணங்களை எழுதி, இரு தரப்பாருக்கும் நகல் கொடுங்கள். மேல்முறையீடு எங்கே என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கென்றே தனி மன்றங்கள் உண்டு.

புகார் பொய்யென்று தெரிந்தால், விடுப்பை அறிவித்த அதே பிரசங்க பீடத்திலிருந்து, அதே ஞாயிறு ஆராதனையில் ஆயரின் பெயரைத் துலக்குங்கள். வாரநாள் ஜெபக் கூட்டத்தில் பதினைந்து பேர் முன்பு முணுமுணுப்பது போதாது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் இடமாற்றம் என்னும் பழைய மருந்தைத் தேடாதீர்கள். பெரம்பூரில் நடந்தது தாம்பரத்துக்குத் தெரியாது என்று நினைத்து அனுப்பிவைப்பது, தாம்பரத்துப் பிள்ளைகளை விலையாகக் கொடுப்பது. அடுத்த சபை நற்சாட்சிக் கடிதம் கேட்டால், குழுவின் முடிவு என்னவோ அதையே எழுதுங்கள்.

கோப்பை ஆயர் இல்லத்து அலமாரியில் வைக்கக் கூடாது; செயலர் வீட்டிலும் கூடாது. அறிக்கை, வாக்குமூலங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் பக்க எண்ணிட்டு, உறையில் அரக்கு முத்திரை வைத்து, மூவரும் குறுக்கே கையெழுத்திட்டு, வங்கிப் பெட்டகத்திலோ சபைக்கு வெளியே இருந்து வந்த அந்த மூன்றாம் நபரிடமோ ஒப்படைத்து, ஒப்படைத்த தேதியை மினிட் புத்தகத்தில் குறித்துவிடுங்கள்.